டயலிசிஸும் பி, சி ஈரல் அழற்சியும்: தடுப்பூசி முதல் மாத்திரை வரை, கொழும்புக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அம்மாவுக்கு டயலிசிஸ் தொடங்கி ஒன்றரை வருடம் ஆனபோது, ஒரு செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட் வந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எடுக்கும் வழக்கமான இரத்தப் பரிசோதனைதான். கொரிடோரில் வைத்தே ஒருவர் சொன்னார்: "அம்மாவுக்கு சி பொசிட்டிவ். அடுத்த முறையிலிருந்து மூலை மெஷின்." சி என்றால் என்ன, எப்படி வந்தது, இனி என்ன செய்வது என்று யாரும் உட்கார்ந்து பேசவில்லை. அன்று இரவு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு வந்த மாமி தேத்தண்ணியை வாங்கி, குடிக்காமலே மேசையில் வைத்துவிட்டுப் போனார். அம்மா அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு எங்கள் கையில் இருந்திருக்க வேண்டிய விஷயங்களை இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை, டயலிசிஸ் செய்யும் ஒருவரின் மகள். மருந்தையும் அளவையும் தீர்மானிப்பவர் உங்கள் சிறுநீரக வைத்திய நிபுணர். எந்தக் கேள்வியை எந்த நேரத்தில் கேட்பது என்பது வீட்டாரின் வேலை. அந்த வேலையைச் சரியாகச் செய்தால் பி வகை ஈரல் அழற்சி (ஹெப்படைட்டிஸ் பி) வராமல் தடுக்க நல்ல வாய்ப்பு உண்டு. சி வந்துவிட்டாலும் அநேகமாக எல்லோருக்கும் அதை முழுதாகக் குணப்படுத்திவிடலாம்.

நமக்குத் தெரிந்த செங்கண்மாரி இதுவல்ல

செங்கண்மாரி என்றதும் நமக்கு நினைவு வருவது மஞ்சளான கண், காய்ச்சல், வாந்தி, எண்ணெய் இல்லாத சாப்பாடு. அழுக்குத் தண்ணீராலும் சாப்பாட்டாலும் வரும் ஏ, ஈ வகைகள் பெரும்பாலும் அப்படித்தான் வந்து, சில வாரங்களில் போய்விடும். பி, சி இரண்டும் இரத்தத்தால் பரவுபவை. டயலிசிஸ் செய்பவருக்கு இவை வந்தால் பெரும்பாலும் கண் மஞ்சளாகாது. களைப்பும் பசியின்மையும் இருக்கலாம். ஆனால் டயலிசிஸ் செய்பவருக்குக் களைப்பு புதிதா? அதனால் யாருக்கும் சந்தேகம் வராது.

எஸ்.ஜி.பி.டி. என்ற ஈரல் பரிசோதனையைக்கூட முழுதாக நம்ப முடியாது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு அந்த எண் இயல்பாகவே தாழ்ந்து இருக்கும். மற்றவர்களுக்குச் 'சாதாரணம்' எனப்படும் எண், இவர்களில் ஈரல் வீங்கியிருப்பதை மறைத்துவிடலாம். வைரஸையே தேடும் பரிசோதனைதான் உண்மையைச் சொல்லும்.

இன்னொன்று. செங்கண்மாரி என்று கேள்விப்பட்டதும் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுக்க யாராவது ஒருவர் வருவார். அன்போடுதான் வருவார். டயலிசிஸ் செய்பவருக்கு இலைச்சாறுகள் வேண்டாம். அவற்றில் உள்ள பொட்டாசியம் உடம்பிலிருந்து வெளியேற வழியில்லாமல் சேர்ந்து இதயத்துடிப்பையே குழப்பிவிடும்.

டயலிசிஸில் ஏன் இந்த ஆபத்து என்பதற்கு ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 300 மில்லிலீட்டர் வீதம் 4 மணித்தியாலம் இரத்தம் ஓடினால் 72 லீட்டர். உடம்பில் இருப்பதோ 5 லீட்டர் அளவு. அதே இரத்தம் வெளியே போய்த் திரும்பத் திரும்ப வருகிறது. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் பிஸ்டியூலாவில் (டயலிசிஸுக்காகக் கையில் செய்யும் இரத்தக்குழாய் இணைப்பில்) இரண்டு ஊசி என்றால் ஒரு வருடத்தில் 312 தடவை தோல் துளைக்கப்படுகிறது. பக்கத்துக் கட்டில்களிலும் அதே வேலை அதே நேரத்தில் நடக்கிறது. பி வைரஸ் கூடுதலாக உள்ள ஒருவரின் இரத்தத்தில் ஒரு மில்லிலீட்டரில் 10 கோடிக்கும் மேல் வைரஸ் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளியே போதும். அது காய்ந்த மேற்பரப்பிலும் குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும்.

சாதாரண வளர்ந்தவர் ஒருவருக்கு பி தொற்றினால் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவானோரிடத்தில்தான் அது நிரந்தரமாகத் தங்கும். சிறுநீரகம் செயலிழந்தவர்களிலோ பாதியளவானோரிடம் வரை தங்கிவிடலாம். உடம்பு அதை விரட்டும் சக்தியை இழந்திருப்பதே காரணம்.

படி 1: பி தடுப்பூசி, டயலிசிஸுக்கு முன்பே

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

இலங்கையில் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் பி தடுப்பூசி 2003இல் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் பிறந்தவர்கள், அதாவது இன்று டயலிசிஸ் கட்டிலில் படுத்திருக்கும் அநேகமாக எல்லோரும், தாங்களாகப் போட்டிருந்தால் ஒழிய இந்த ஊசியைப் பெற்றிருக்க மாட்டார்கள். சி வைரஸுக்குத் தடுப்பூசி இன்றுவரை இல்லை.

சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் கூடுகிறது, 'இன்னும் ஒன்றிரண்டு வருடத்தில் டயலிசிஸ் தேவைப்படலாம்' என்று டொக்டர் சொல்லும் அந்த நாளிலேயே தடுப்பூசியைக் கேளுங்கள். சாதாரண ஆட்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோருக்கு இந்த ஊசி வேலை செய்யும். டயலிசிஸ் தொடங்கியபின் போட்டால் ஏறத்தாழ பாதி முதல் அறுபது வீதமானோருக்குத்தான் போதிய பாதுகாப்புக் கிடைக்கும். சிறுநீரகம் கொஞ்சமாவது வேலை செய்யும்போதே போட்டால் பலன் கூடுதல். நாங்கள் இதை அறியாமல் இரண்டு வருடத்தை வீணாக்கினோம். ஒவ்வொரு கிளினிக்கிலும் சீனியையும் பிரஷரையும் பற்றியே பேசி வந்தோம்.

டயலிசிஸ் செய்பவர்களுக்கு அளவு இரட்டிப்பு. பெரியவர்களுக்கான ஒரு குப்பியில் வழமையாக 20 மைக்ரோகிராம் இருக்கும். இவர்களுக்கு ஒரு தடவைக்கு 40 மைக்ரோகிராம் வேண்டும், ஆகவே இரண்டு குப்பி. அதிகம் பின்பற்றப்படும் முறையில் இன்று, ஒரு மாதம், இரண்டு மாதம், ஆறு மாதம் என நாலு தடவை, மொத்தம் எட்டுக் குப்பி. மருந்தின் பெயரைப் பொறுத்து மூன்று தடவைத் திட்டமும் உண்டு. எது உங்களுக்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். 'மூன்று ஊசி போட்டாயிற்று' என்று சொல்லும் பலர், சாதாரண ஆளுக்கான ஒற்றை அளவைத்தான் போட்டிருக்கிறார்கள்.

குப்பியை வெளியே பார்மசியில் வாங்கி வரச் சொன்னால் கவனம். இது 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டிய மருந்து. காலி வீதி நெரிசலில் ஓட்டோவுக்குள் முக்கால் மணித்தியாலம் மடியில் வைத்துப் போக வேண்டாம். ஐஸ் பெட்டியில் கொண்டு போங்கள், ஆனால் ஐஸ் கட்டியோடு நேரே ஒட்டாமல் துணியில் சுற்றி வையுங்கள். உறைந்தாலும் இந்த மருந்து பலனிழக்கும். போடும் இடத்திலேயே மருந்தும் கிடைத்தால் அதுதான் நல்லது.

ஊசி தோள்பட்டைத் தசையில் போட வேண்டும், பிட்டத்தில் அல்ல. பிஸ்டியூலா உள்ள கையையும் தவிருங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் ஓடும் நாளென்றால் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, போட்ட இடத்தைக் கூடுதல் நேரம் அழுத்திப் பிடியுங்கள்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். கடைசி ஊசிக்குப் பிறகு ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள் 'அன்டி எச்.பி.எஸ்.' என்ற பரிசோதனை செய்ய வேண்டும். எண் 10 அல்லது அதற்கு மேல் என்றால் பாதுகாப்பு உண்டு. 10க்குக் கீழே என்றால் முழுத் தொடரையும் இன்னொரு தடவை போட வேண்டும். பாதுகாப்புக் கிடைத்தவர்களும் வருடத்துக்கு ஒரு தடவை அதைப் பார்க்க வேண்டும். 10க்குக் கீழே இறங்கினால் ஒரு பூஸ்டர். சாதாரண ஆட்களுக்கு இந்த வருடாந்தப் பரிசோதனை தேவையில்லை, டயலிசிஸ் செய்பவருக்குத் தேவை.

படி 2: ரிப்போர்ட்டை நீங்களே வாசிப்பது

முதல் டயலிசிஸுக்கு முன் பி, சி, எச்.ஐ.வி. மூன்றுக்கும் பரிசோதனை நடக்கும். அந்த முதல் ரிப்போர்ட்டின் பிரதியைக் கட்டாயம் வாங்கி வையுங்கள். பின்னால் ஏதாவது மாறினால், எப்போது மாறியது என்று சொல்லும் ஒரே தாள் அதுதான்.

பி வைரஸுக்கு மூன்று பெயர்கள் வரும். 'எச்.பி.எஸ்.ஏ.ஜி.' பொசிட்டிவ் என்றால் வைரஸ் இப்போது உடம்பில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேலும் அப்படியே இருந்தால் அது நாட்பட்ட தொற்று. 'அன்டி எச்.பி.எஸ்.' பொசிட்டிவ் என்றால் நல்ல செய்தி, எதிர்ப்பு சக்தி இருக்கிறது. மூன்றாவதான 'அன்டி எச்.பி.சி.' பொசிட்டிவ் என்றால் எப்போதோ இயற்கையாக இந்த வைரஸ் வந்திருக்கிறது. தடுப்பூசியால் இது பொசிட்டிவ் ஆகாது. மூன்றுமே நெகட்டிவ் என்றால் அவருக்குப் பாதுகாப்பே இல்லை, உடனே படி 1.

இங்கே ஒரு குழியில் நாங்களும் விழுந்தோம். 'எச்.பி.சி.' என்பதில் வரும் 'சி', சி வகை ஈரல் அழற்சி அல்ல. அது பி வைரஸின் உட்கருவைக் குறிக்கும் எழுத்து. சி வகைக்கான பரிசோதனையின் பெயர் 'அன்டி எச்.சி.வி.'. அவசரத்தில் ஒன்றை மற்றதாக வாசித்து அழுத குடும்பங்களை எனக்குத் தெரியும்.

இன்னொரு வீண் பயமும் உண்டு. பி தடுப்பூசி போட்ட பின் 18 நாள் வரை, ஊசியிலுள்ள புரதமே இரத்தத்தில் தென்பட்டு 'எச்.பி.எஸ்.ஏ.ஜி.' பொசிட்டிவ் என்று காட்டலாம். ஆகவே ஊசி போட்ட மாதத்தில் பரிசோதனை வந்தால், கடைசி ஊசி எந்தத் திகதி என்று சொல்லுங்கள். ஊசிக்கு முன் இரத்தம் எடுப்பது இன்னும் நல்லது.

சி வகைக்கு இரண்டு கட்டம். 'அன்டி எச்.சி.வி.' பொசிட்டிவ் என்றால், வைரஸை உடம்பு எப்போதோ கண்டிருக்கிறது என்றுதான் பொருள். இப்போதும் இருக்கிறதா என்று சொல்லாது. அதைச் சொல்வது 'எச்.சி.வி. ஆர்.என்.ஏ.' என்ற பரிசோதனை. கொவிட் காலத்தில் நாம் எல்லோரும் பழகிய பி.சி.ஆர். வகையைச் சேர்ந்தது. எங்களுக்குக் கொரிடோரில் சொல்லப்பட்டது முதல் கட்டத்தின் முடிவு மட்டுமே. இரண்டாவது வரும்வரை அம்மா நோயாளியா இல்லையா என்று யாருக்குமே தெரியாது. ஆனால் வீட்டில் எல்லோரும் தீர்ப்பெழுதி முடித்திருந்தோம்.

மறுபக்கமும் உண்டு. தொற்றிய ஆரம்ப வாரங்களில், 'அன்டி எச்.சி.வி.' தேடும் அன்டிபொடி (எதிர்ப்பொருள்) நெகட்டிவாக இருக்கலாம். அது தோன்ற இரண்டு மாதம்கூட ஆகலாம். ஆர்.என்.ஏ. ஒன்றிரண்டு வாரத்திலேயே தெரிந்துவிடும். எஸ்.ஜி.பி.டி. திடீரென ஏறினால், 'சி நெகட்டிவ்தானே' என்று இருந்துவிடாமல் ஆர்.என்.ஏ. பார்க்கலாமா என்று கேளுங்கள்.

எத்தனை காலத்துக்கு ஒரு தடவை? சர்வதேச வழிகாட்டல்களின்படி சி பரிசோதனை ஆறு மாதத்துக்கு ஒன்று, எஸ்.ஜி.பி.டி. மாதத்துக்கு ஒன்று. பி பாதுகாப்பு இல்லாதவர்களுக்கு 'எச்.பி.எஸ்.ஏ.ஜி.' மாதந்தோறும். உங்கள் இடத்தின் அட்டவணை வேறாக இருக்கலாம். அது என்னவென்று கேட்டு, திகதி தவறினால் நீங்களே நினைவுபடுத்துங்கள். அரச வைத்தியசாலைகளிலிருந்து சில மாதிரிகள் பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்குப் போவதும் உண்டு. அப்படியானால் முடிவு எப்போது, யார் கையில் வரும் என்று அன்றே கேட்டு வையுங்கள்.

படி 3: ஒரு சி.ஆர். கொப்பி

தடித்த அட்டை போட்ட ஒன்று வாங்குங்கள். முதல் பக்கத்தில் பெயர், இரத்த வகை, ஒவ்வாமை, பிஸ்டியூலா எந்தக் கை என்பவை. அடுத்த பக்கம் ஊசித் திகதிகளும் அளவும். அதற்கடுத்து பரிசோதனைத் திகதி, பெயர், முடிவு என மூன்று நிரல். டயலிசிஸ் எங்கே செய்தது, இடையில் வேறெங்காவது செய்ததா, இரத்தம் ஏற்றியதா என்பதையும் திகதியோடு எழுதுங்கள். கொழும்பில் ஒரே ஆள் அரச வைத்தியசாலையிலும் இடமில்லாத வாரம் தனியாரிலும் என இரண்டு இடத்தில் செய்வது சாதாரணம். ஒரு இடத்தின் பைல் மற்ற இடத்துக்குப் போகாது. கொப்பிதான் போகும்.

இரத்தம் ஏற்றுவது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய நாட்களில் டயலிசிஸ் நோயாளிகளுக்கு சி வந்ததற்கு அதுவும் ஒரு பெரிய காரணம். இப்போது நாரஹேன்பிட்டியில் உள்ள தேசிய இரத்த மையத்தின் கீழ் சேகரிக்கப்படும் இரத்தம் பி, சி, எச்.ஐ.வி. உட்பட பலவற்றுக்குப் பரிசோதிக்கப்படுகிறது. 2014 முதல் இந்த நாட்டில் முழுக்க முழுக்கத் தன்னார்வக் கொடையாளர்களின் இரத்தமே பயன்படுகிறது. பயந்து மறுக்க வேண்டாம். ஆனால் இரத்தசோகைக்கான எரித்ரோபொயட்டின் ஊசியை ஒழுங்காகப் போட்டால் இரத்தம் ஏற்றும் தேவையே குறையும். சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்குக் காத்திருப்பவருக்கு அது இரட்டை நன்மை.

படி 4: மெஷினை அல்ல, கைகளைப் பாருங்கள்

எல்லோரும் கேட்கும் கேள்வி, 'அந்த மெஷினில் போட்டதால்தானே வந்தது?' என்பது. இரத்தம் ஓடும் குழாய்கள் ஒவ்வொரு தடவையும் புதியவை. இரத்தத்தை வடிகட்டும் டயலைசருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வின் துளைகள் வைரஸைவிட மிகச் சிறியவை. சவ்வு கிழியாதவரை வைரஸ் மெஷினின் உட்பக்கத்துக்குப் போகாது. வைரஸ் பயணம் செய்வது வெளிப்பக்கத்தால். கையுறை, மெஷின் பொத்தான்கள், கவ்விகள், கட்டிலின் கைப்பிடி, மருந்துத் தள்ளுவண்டி, பலருக்குப் பொதுவான ஹெப்பரின் குப்பி, இவைதான் அதன் பாதை.

இதற்கு வரலாறே சாட்சி. 1969, 1970இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் ஒரு டயலிசிஸ் பிரிவில் பி பரவியபோது நோயாளிகளோடு அங்கே வேலை செய்தவர்களும் இறந்தார்கள். அமெரிக்காவில் டயலிசிஸ் நோயாளிகளில் புதிதாக பி தொற்றியோர் 1974இல் நூற்றுக்கு 6.2 பேர். 1980இல் அது 1 ஆகக் குறைந்தது. தடுப்பூசி அப்போது பாவனைக்கு வரவில்லை. கை கழுவுதல், கையுறை, மேற்பரப்புத் துடைப்பு, பி உள்ளவரைத் தனியறையில் வைப்பது, இவற்றால் மட்டுமே வந்த இறக்கம் அது.

ஆகவே துணைக்குப் போகும் நாளில் போனைப் பார்த்துக்கொண்டிருக்காமல் இவற்றைக் கவனியுங்கள். பக்கத்துக் கட்டிலிலிருந்து உங்கள் ஆளிடம் வரும்போது கையுறை மாறுகிறதா? கழற்றியபின் கை கழுவப்படுகிறதா, அல்லது கைத்தேய்ப்பு மருந்து பூசப்படுகிறதா? முந்தைய ஆள் எழுந்து போனபின் கட்டிலும் மெஷினின் முகப்பும் குளோரின் கரைசலால் துடைக்கப்படுகின்றனவா? முந்தையவர் இன்னும் இருக்கும்போதே துடைப்பது துடைப்பல்ல. ஊசி மருந்து வேறொரு சுத்தமான இடத்தில் தயாராகி வருகிறதா, அல்லது குப்பியோடு கட்டில் கட்டிலாக வருகிறதா? டேப், பஞ்சு, இறுக்கும் பட்டி எல்லாம் இவருக்கென்று தனியாக வருகின்றனவா? ஒரு கட்டிலுக்கு வந்த பொருள் திரும்பப் பொது அலுமாரிக்குப் போகக் கூடாது. டயலைசரைக் கழுவித் திரும்பப் பாவிக்கும் இடமென்றால், ஒவ்வொரு தடவையும் அதிலுள்ள பெயரை நீங்களும் வாசியுங்கள்.

அம்மா செய்த ஒரு இடத்தில் இரண்டு பேர் பத்துப் பேரைப் பார்த்தார்கள். ஒரு கட்டிலில் அலாரம் அடிக்கும், பக்கத்தில் ஒருவருக்குப் பிரஷர் விழும், ஓடுவார்கள். அந்த ஓட்டத்தில் கையுறை மாறாததை நான் கண்ணால் கண்டேன். வாயைத் திறக்கவில்லை. 'கேட்டால் அம்மாவைக் கவனிக்க மாட்டார்கள்' என்ற பயம். அம்மாவுக்கு எங்கிருந்து தொற்றியது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த மௌனம் இன்றுவரை எனக்குள் உறுத்துகிறது.

எப்படிக் கேட்பது? நான் பிறகு பழகிக்கொண்ட முறை இது. வந்ததும் முதலில் சிரித்து, பெயர் கேட்டு, நன்றி சொல்லி விடுவேன். பிறகு மெதுவாக, "மிஸ், க்ளவ்ஸ் மாரு கரன்ன புளுவந்த?" கையுறையை மாற்ற முடியுமா என்று சிங்களத்தில் கேட்பது அவ்வளவுதான். முறைத்தவர்கள் ஒன்றிரண்டு பேர். பெரும்பாலானோர் 'ஹரி ஹரி' என்று மாற்றினார்கள். ஒரு தாதி, "நல்லது, எங்களுக்கும் இது பாதுகாப்புத்தானே" என்று தமிழிலேயே சொன்னார். உண்மை அதுதான். பி உள்ள ஊசி குத்தினால், பாதுகாப்பில்லாத நூறு பேரில் 30 பேர் வரை தொற்றலாம். சி என்றால் இரண்டு பேர் அளவு அல்லது அதற்கும் குறைவு.

படி 5: பி பொசிட்டிவ் என்றால்

பி உள்ளவருக்குத் தனி அறை, தனி மெஷின், முடிந்தால் அந்த நேரத்தில் பாதுகாப்பில்லாத வேறு நோயாளியைத் தொடாத தாதி. இது அவரை ஒதுக்குவதல்ல. பி அவ்வளவு எளிதில் பரவுவதால் உலகம் முழுவதும் உள்ள விதி. அவருடைய டயலைசரைக் கழுவித் திரும்பப் பாவிக்கவும் கூடாது. இடம் கிடைப்பது கடினமாகலாம். உங்கள் யூனிட் மறுத்தால், பி நோயாளிகளுக்கு வசதியுள்ள இடத்துக்குக் கடிதத்தோடு அனுப்பச் சொல்லுங்கள். சிறுநீரகத்துக்கென்றே மாளிகாவத்தையில் தேசிய நிறுவகம் இருக்கிறது. அங்கும் தேசிய வைத்தியசாலையிலும் உங்கள் நிபுணர் மூலம் விசாரிக்கலாம்.

எல்லோருக்கும் மருந்து உடனே தேவைப்படாது. வைரஸின் அளவு, ஈரலின் நிலை, வயிறு வழியாகச் செய்யும் ஸ்கேன் இவற்றைப் பார்த்துத் தீர்மானிப்பார்கள். மருந்து தொடங்கினால் ஒரு முக்கியமான வேறுபாடு: மற்றவர்கள் தினமும் எடுக்கும் என்டெகாவிர் 0.5 மில்லிகிராம் மாத்திரையை, டயலிசிஸ் செய்பவர் வழமையாக வாரத்துக்கு ஒன்றுதான், டயலிசிஸ் முடிந்தபின், எடுப்பார். பார்மசியில் பழக்கத்தில் 'தினம் ஒன்று' என்று உறையில் எழுதிவிடக் கூடும். கொப்பியில் கிழமையைக் குறித்து வையுங்கள். நன்றாக இருக்கிறது என்று நீங்களாக நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் வைரஸ் திடீரெனப் பெருகி ஈரலைத் தாக்கலாம்.

மனைவி, கணவர், பிள்ளைகள், ஒரே வீட்டில் வாழ்பவர்கள் எல்லோரும் பரிசோதித்து, பாதுகாப்பில்லாதவர்கள் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

படி 6: சி பொசிட்டிவ் என்றால்

முதலில் ஆர்.என்.ஏ. அது நெகட்டிவ் என்றால் வைரஸ் இப்போது இல்லை, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஆர்.என்.ஏ. பார்த்தால் போதும். பொசிட்டிவ் என்றாலும் இடிந்து போகாதீர்கள்.

சி வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது 1989இல். அதற்குக் காரணமான மூவருக்கு 2020இல் நோபல் பரிசு கிடைத்தது. முன்னர் இருந்த சிகிச்சை இன்டர்பெரோன் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும். டயலிசிஸ் நோயாளிகளுக்கு அது கடும் இரத்தசோகையைத் தந்தது, பலர் பாதியில் விட்டார்கள். இன்று வைரஸையே நேரடியாகத் தாக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. சொபோஸ்புவிர், வெல்படஸ்விர் இரண்டும் சேர்ந்த மாத்திரை தினம் ஒன்று, 12 வாரம். கிளெகப்ரெவிர், பிப்ரென்டஸ்விர் சேர்ந்தது 8 அல்லது 12 வாரம். நூற்றுக்கு 95க்கு மேற்பட்டோர் குணமாகிறார்கள். டயலிசிஸ் செய்பவர்களிலும் அதே அளவு. 'சிறுநீரகம் இல்லாதவருக்குச் சொபோஸ்புவிர் கொடுக்கக் கூடாது' என்பது பழைய எச்சரிக்கை. 2019இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டாளர்களே டயலிசிஸ் செய்பவர்களுக்கும் அதை அனுமதித்தார்கள். யாராவது அந்தப் பழைய காரணத்தைச் சொல்லி மறுத்தால், ஈரல் நிபுணர் ஒருவரிடம் கடிதம் கேளுங்கள்.

தொடங்கும் முன் இரண்டு விஷயம். ஒன்று, பி பரிசோதனை மூன்றும் செய்தாயிற்றா? சி போகும்போது ஒளிந்திருந்த பி தலைதூக்கலாம். இரண்டு, இப்போது எடுக்கும் எல்லா மருந்தையும் பையோடு கொண்டு போய்க் காட்டுங்கள். வயிற்றெரிவுக்கு எடுக்கும் ஒமெப்ரசோல் வெல்படஸ்விர் உடம்பில் சேர்வதைக் குறைக்கும். கொலஸ்டிரோலுக்கான அட்டோர்வஸ்டட்டின் கிளெகப்ரெவிரோடு சேரக் கூடாது. இதயத்துக்கான அமியோடரோன் சொபோஸ்புவிரோடு சேர்ந்தால் இதயத்துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம்.

குணமாயிற்று என்பதை மாத்திரை முடியும் நாளில் அல்ல, முடிந்து 12 வாரம் கழித்து எடுக்கும் ஆர்.என்.ஏ. தான் சொல்லும். குணமானபின் மறுபடி தொற்றலாம், ஆகவே படி 4 ஓயாது.

'மூலை மெஷின்' கதைக்கு வருகிறேன். சி உள்ளவருக்குத் தனி மெஷின் தேவையென்று சர்வதேச வழிகாட்டல்கள் சொல்வதில்லை. எல்லோருக்கும் ஒரே சுத்தம், அதுவே போதும் என்கின்றன. சில இடங்களில் இன்னும் பிரிக்கிறார்கள். சண்டை பிடிக்க வேண்டாம். ஆனால் சி உள்ளவரை பி உள்ளவரின் மெஷினில் போட்டால் அதை உடனே கேளுங்கள். அது நடக்கவே கூடாது.

வீட்டில்

கோப்பை, தட்டு, கட்டிப்பிடித்தல், ஒரே கட்டில், இருமல், இவற்றால் பி, சி பரவாது. மாமிக்கு இதை நான் இரண்டு தடவை சொன்னேன். மூன்றாம் தடவை அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை இரத்தம் படும் சின்னப் பொருட்கள். சவர பிளேடு, நகவெட்டி, பல் தூரிகை தனித்தனி. நம் வீடுகளில் அதிகம் கவனிக்காதது சீனி பார்க்கும் ஊசிப்பேனை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சீனி இருக்கும், ஒரே பேனையால் இருவருக்கும் குத்துவார்கள். ஊசியை மாற்றினாலும் பேனை பொதுவாக இருக்கக் கூடாது. பாவித்த ஊசிகளை மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் போத்தலில் போட்டு, குப்பைப் பையில் எறியாமல் வைத்தியசாலைக்கே கொண்டு போய்க் கொடுங்கள். பிஸ்டியூலாவிலிருந்து இரத்தம் சிந்தினால் கையுறை போட்டுத் துடைத்து, அந்த இடத்தைக் குளோரின் தண்ணீரால் இன்னொரு தடவை துடையுங்கள். வயிற்று வழி டயலிசிஸ் செய்பவரானால், பி இருக்கும்போது வெளிவரும் திரவத்திலும் வைரஸ் உண்டு. அதை மலசலகூடத்தில் கவனமாக ஊற்றிக் குளோரின் விடுங்கள்.

இந்தியாப் பயணமும் மாற்றுச் சிகிச்சையும்

கல்யாணம், கோயில் என்று சென்னை, மதுரை போய் அங்கே டயலிசிஸ் செய்தால், போகும் முன்னும் வந்த பின்னும் பி, சி பரிசோதனை செய்யுங்கள். வந்ததும் யூனிட்டில் சொல்லுங்கள், மறைக்காதீர்கள். ஒரு தடவை நெகட்டிவ் வந்தாலும் அடுத்த சில மாதங்கள் அடிக்கடி பார்க்க வேண்டும்.

சி இருப்பதாலோ பி இருப்பதாலோ சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக் கதவு மூடிவிடாது. சி என்றால் முன்போ பின்போ மாத்திரையால் தீர்க்கலாம், எது முதலில் என்பதை ஈரல், சிறுநீரக நிபுணர்கள் சேர்ந்து முடிவு செய்வார்கள். பி என்றால் மாத்திரையின் காவலோடு செய்வார்கள். 'அன்டி எச்.பி.சி.' மட்டும் பொசிட்டிவானவரும் அதை மாற்றுச் சிகிச்சைக் குழுவிடம் சொல்ல வேண்டும். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து தொடங்கியதும் பழைய பி விழித்தெழக்கூடும்.

அம்மா 12 வாரம் மாத்திரை எடுத்தார். பின் 12 வாரம் காத்திருந்தோம். ஆர்.என்.ஏ. நெகட்டிவ். ஆனால் 'அன்டி எச்.சி.வி.' பெரும்பாலும் ஆயுள் முழுக்கப் பொசிட்டிவாகவே இருக்கும். புதிய இடத்துக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்து யாராவது மூலை மெஷினைக் காட்டுவார்கள். அந்த நெகட்டிவ் ரிப்போர்ட்டை லெமினேட் செய்து சி.ஆர். கொப்பியின் முதல் பக்கத்தோடு ஒட்டி வைத்திருக்கிறோம். பிரதி ஒன்று அம்மாவின் கைப்பையில், மருந்துச் சிட்டைக்கும் பஸ் காசுக்கும் நடுவே இருக்கிறது. போன மாதம் புதிய யூனிட்டில் கேட்டபோது, நான் வாயைத் திறக்கும் முன்பே அம்மாவே அதை எடுத்து நீட்டினார்.